பள்ளம் விழுந்த கேரம் போர்டு: எட்டாம் வகுப்புக் கைகள் சீர்செய்த பதிவு

பள்ளிக்கூடத்து பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்த பழைய கேரம் போர்டு ஒன்று இருந்தால் போதும், எட்டாம் வகுப்புக்கு ஒரு மாத வேலை இருக்கிறது. நீளம், கோணம், உராய்வு, ஈரம், சராசரி எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கின்றன. பெட்டியில் வரும் அறிவியல் கிட் எதுவும் இதற்கு ஈடாகாது. கிட்டில் எல்லாப் பாகமும் சரியாக இருக்கும், வழிகாட்டித் தாளும் இருக்கும். முப்பது பிள்ளைகள் செய்தாலும் முப்பதும் ஒன்றுபோலவே வரும். பழுதான போர்டுக்கு வழிகாட்டித் தாள் கிடையாது.

வடசென்னையில் கேரமை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக சாம்பியன் ஆனவர். வண்ணாரப்பேட்டைப் பக்கத்து காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கொருக்குப்பேட்டை, காசிமேடு, புளியந்தோப்பு என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் மஞ்சள் பல்புக்குக் கீழே ஒரு போர்டு ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பிள்ளைகளின் விரலுக்குப் போர்டைப் பற்றித் தெரிந்தது ஆசிரியருக்குத் தெரியாது. மாணவர் முன்னே நடக்க, ஆசிரியர் பின்னே வர வேண்டுமென்றால், மாணவருக்கு ஆசிரியரைவிட அதிகம் தெரிந்த ஒரு பொருளைத்தான் எடுக்க வேண்டும். மீதியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் இரண்டு பீரியட் ஸ்குரூ டிரைவரைத் தொடக் கூடாது

ஒரு போர்டுக்கு ஐந்து பேர் சரியான அளவு. ஆறாவது ஆள் வந்தால் வேடிக்கை பார்ப்பார். 40 நிமிடப் பீரியட் ஒன்று போதாது. எடுத்து வைக்கவே பத்து நிமிடம் போய்விடும், ஒதுங்க வைக்க இன்னொரு பத்து நிமிடம். தொடர்ந்து இரண்டு பீரியட் வாங்குங்கள்.

முதல் நாள் வேலை விளையாடுவதும் குறை சொல்வதும் மட்டுமே. சொன்னதைச் சொன்ன மாதிரியே கரும்பலகையில் எழுதுங்கள். 'உராய்வு அதிகம்' என்று நீங்கள் மொழிபெயர்த்து எழுதிவிட்டால் அது உங்கள் கண்டுபிடிப்பாகிவிடும். ஒரு போர்டுக்கு வந்த பட்டியல் இது:

"காய் தானா சென்டருக்குப் போவுது சார்."
"அந்தப் பக்கக் கட்டையில அடிச்சா செத்த அடி. திரும்பவே மாட்டேங்குது."
"போர்டு கனமா இருக்கு, பவுடர் போட்டாலும் ஓடல."
"ஒரு வெள்ளைக்காய் மட்டும் லேசா இருக்கு மிஸ்."

நான்குமே சரியான நோய்க்குறிகள். அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "இந்த போர்டில் விளையாடியே இராத ஒருவருக்கு இதை எப்படிக் காட்டுவீர்கள்?" இங்கேதான் அளவெடுக்கும் தேவை பிறக்கிறது. ஸ்கேலைக் கையில் கொடுத்து "அளங்கள்" என்றால் எதை அளப்பது என்று தெரியாமல் நான்கு ஓரத்தையும் அளந்து எழுதி வைப்பார்கள். 74, 74, 74, 74. அந்த எண்களால் ஒரு பயனும் இல்லை.

பள்ளத்தை எப்படி அளப்பது

நடுவை நோக்கிக் காய் வளைகிறதென்றால் பலகை பள்ளம் விழுந்திருக்கலாம். ஸ்டாண்டு சாய்ந்தும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். போர்டை 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி ஆடிப் பார்க்கலாம் என்ற யோசனை பிள்ளைகளிடமிருந்தே வந்துவிடும், சற்றுப் பொறுத்தால் போதும். போர்டோடு சேர்ந்து குறையும் திரும்பினால் பலகைதான் குற்றவாளி. குறை சுவர்ப் பக்கமே நின்றால் ஸ்டாண்டு. ஸ்டாண்டுக்கு ரசமட்டம் இல்லாவிட்டாலும், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே தெரியும் இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டி எடுங்கள். குமிழி நின்றால் இரண்டு பக்க மட்டமும் பொய் சொல்லும்.

பள்ளத்துக்கு 70 செ.மீ. அலுமினியச் சட்டம் ஒன்றைப் பலகையின் குறுக்கே நிறுத்தி வையுங்கள். பின்பக்கம் டார்ச் அடித்தால், சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் கசியும். கசியும் இடத்தில் ஏ4 தாள்களை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போக வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். 100 தாளை அழுத்திப் பிடித்து ஸ்கேலில் அளந்து, 100-ஆல் வகுத்து அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். 24 தாள் நுழைந்தால் 2.4 மி.மீ. பள்ளம். சட்டமே கோணலாக இருக்குமோ என்ற சந்தேகம் ஒரு பிள்ளைக்காவது வரும். வராவிட்டால் காத்திருங்கள், அடுத்த குழுவின் எண் வேறாக வரும்போது வந்துவிடும். தரையில் சட்டத்தை வைத்துக் கோடு போட்டு, அதே சட்டத்தைப் புரட்டிப் போட்டு அதே புள்ளிகளுக்கிடையே இன்னொரு கோடு போட்டால் தெரிந்துவிடும். இரண்டு கோடும் ஒன்றானால் சட்டம் நேர்.

நான்கு ஓரத்துக்கும் நடுவுக்குமாக ஒன்பது இடத்தில் தாள் எண்ணிக்கை எடுத்து, கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்பது எண்கள்தான் கடைசிவரை கூட வரப்போகின்றன.

லேசான காய்க்கு வருவோம். விதிப்படி ஒரு காய் 5 முதல் 5.5 கிராம். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் குறைவாகக் காட்டாது. "அப்ப ஒம்பது காயையும் ஒண்ணா வெச்சிப் பாக்கலாமா?" என்று கேட்டால் பாதிக் கணக்கு முடிந்தது: 45-க்கும் 49.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். எடை குறைந்த ஒற்றைக் காயைப் பிடிக்க, ஸ்கேலை நடுவில் பென்சில் மேல் நிறுத்திய தராசு போதும். ஒரு தட்டில் அந்தக் காய், மறு தட்டில் வேறொரு காய்.

வேகத்தை அளக்க விரல் உதவாது, ஆளுக்கு ஆள் அடி மாறும். ஒரு குழு 200 கிராம் படிக்கல்லை நூலில் கட்டி ஊசலாக்கியது. கல்லைச் சுற்றி சைக்கிள் டியூப் துண்டு மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ட்ரைக்கரின் ஓரம் பெயரும். கையால் இழுத்து விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தள்ளல் சேர்ந்துவிடுகிறது. அதனால் பின்னால் இன்னொரு நூலால் இழுத்துக் கட்டி, அந்த நூலைக் கத்தரியால் வெட்டினார்கள். ஐந்து முறை அடித்து, ஓடிய தூரத்தைக் குறித்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடு எண்ணை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. சராசரி எடுத்தால் ஒரு தப்படி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஏன் பள்ளம் விழுந்தது

"யாரோ மேல ஏறி உக்காந்துட்டாங்க" என்பதுதான் எல்லாக் குழுவிலும் முதலில் வரும் பதில். மறுக்காதீர்கள். உண்மைக் காரணம் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். போர்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அது போதும். முன்பக்கம் பளபளவென்று மெருகு, பின்பக்கம் வெறும் ப்ளைவுட். கடற்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்த ஊரில், வெறும் பக்கம் ஈரத்தைக் குடித்து விரியும். மெருகு போட்ட பக்கம் குடிக்காது. விரிந்த பக்கம் வெளியே தள்ள, மேற்பரப்பு குழிகிறது.

இதைச் சோதிக்க 3 மி.மீ. ப்ளைவுட்டில் 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். ப்ளைவுட் மெல்லிய மர ஏடுகளை ஒட்டிச் செய்தது; அதன் மேல் ஏட்டின் இழை பட்டையின் அகல வாக்கில் ஓட வேண்டும். நீளவாக்கில் ஓடும்படி வெட்டினால் பட்டை விறைப்பாக நின்று எதையும் காட்டாது. முதல் முயற்சி வீணாவது பெரும்பாலும் இதனால்தான். ஒன்றுக்கு இரண்டு பக்கமும் வார்னிஷ், ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும், மூன்றாவதற்கு எதுவும் வேண்டாம். மூன்றையும் ஈரத்துணி மேல் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பூசியதை வெறும் பக்கம் துணியில் படும்படி. காலையில் ஓரங்களைப் பார்த்தால் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். இரண்டு பக்கமும் பூசியது ஏறக்குறைய அப்படியே கிடக்கும்.

உட்கார்ந்ததால் உடைந்த போர்டும் உண்டு. அங்கே பின்னால் பலகையைத் தாங்கும் ரீப்பர் கட்டை பிளந்திருக்கும், ஆணி பிடுங்கியிருக்கும். பிள்ளைகள் சொன்ன முதல் பதிலும் சில சமயம் சரி.

நிமிர்த்துவது

பலகையைச் சட்டத்திலிருந்து பிரிக்கலாமா என்று முதலில் பாருங்கள். கீழிருந்து ஆணியடித்த போர்டு என்றால் பிரிக்கலாம், ஆனாலும் அவசியமில்லை. சட்டத்தில் காடி வெட்டிச் செருகியிருந்தால் தொடவே வேண்டாம், மூலை உடையும்.

பின்பக்கம் ஈரம் ஏறியிருப்பதால், போர்டைக் கவிழ்த்து, காலை வெயிலில் இரண்டு மணி நேரம் காய வையுங்கள். நண்பகல் வெயில் கூடாது, ஏடு பெயர்ந்து கொப்பளம் விடும். அரை மணிக்கு ஒருமுறை தாள் எண்ணிக்கை எடுக்க ஒருவர் பொறுப்பு. எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் இவர்களுக்கு இருக்கும் ஆர்வம் ஆச்சரியமானது. 24 தாள் 15 ஆகும், 11 ஆகும், பிறகு அங்கேயே நின்றுவிடும். மிச்சத்தை ரீப்பர்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

வேண்டியவை: ஒரு அங்குலத் தடிமன், இரண்டு அங்குல அகல ரீப்பர், சட்டத்தின் உள்ளளவுக்கு வெட்டியது இரண்டு; மரப்பசை கால் கிலோ; 25 மி.மீ. ஸ்குரூ 16, செங்கல் எட்டு. ரீப்பர் வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் கிடைக்கும், ப்ளைவுட் துண்டுகளுக்கு சைடன்ஹாம்ஸ் ரோடு. வாங்கும்போது ரீப்பரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்க்கப் பிள்ளைகளைச் சொல்லுங்கள். வளைந்த ரீப்பரை ஒட்டினால் பலகையும் அதன் வழிக்குப் போகும்.

ஸ்குரூவில்தான் பெரிய விபத்து நடக்கும். ரீப்பர் ஒரு அங்குலம், பலகை 8 மி.மீ., மொத்தம் 33 மி.மீ. வருகிறது, 30 மி.மீ. ஸ்குரூ போட்டால் 3 மி.மீ. மிச்சமிருக்கும் என்று ஒரு குழு கணக்குப் போட்டு முறுக்கியது. கணக்கில் பிழையில்லை. போர்டைத் திருப்பிப் பார்த்தால் ஸ்ட்ரைக்கர் வைக்கும் பேஸ் கோட்டுக்கு அருகே, அரிசி அளவில் ஒரு மேடு. முனை ஏட்டை உள்ளிருந்து முட்டிக்கொண்டு நின்றது. கடையில் ஒரு அங்குலம் என்று சொல்லும் ரீப்பர் இழைத்த பிறகு 22 மி.மீ.தான் இருக்கும். பெயரை அளவென்று நம்பிவிட்டார்கள். அந்த ஸ்குரூவைக் கழற்றி, சோற்றுக் கரண்டியின் முதுகால் மேட்டை அழுத்தித் தேய்த்துச் சமன் செய்தார்கள். அன்று நோட்டில் எழுதிய வரி: "கடைக்காரர் சொல்ற இஞ்ச் வேற, ஸ்கேல் சொல்ற இஞ்ச் வேற." வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் பதியாத விஷயம் இது. அந்த இடத்தில் ஆசிரியர் முந்திக்கொண்டு "30 வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் பலகை தப்பித்திருக்கும், இந்த வரி வந்திருக்காது. விரலோ கண்ணோ ஆபத்தில் இருந்தால் உடனே தடுங்கள். பலகைதான் ஆபத்தில் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

சரியான கணக்கு: ரீப்பரில் ஸ்குரூத் தலைக்கு 2 மி.மீ. குழி. 25 மி.மீ. ஸ்குரூ அதில் அமர்ந்தால் 20 மி.மீ. ரீப்பருக்கு, 5 மி.மீ. பலகைக்கு. பசை இறுகும்வரை பிடித்துக்கொள்வதுதான் ஸ்குரூவின் வேலை, பாரம் தாங்குவது பசை. பசை தடவி, முறுக்கி, நடுவில் எட்டுச் செங்கல்லை அடுக்கி ஒரு நாள் விடுங்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகு பின்பக்கம் முழுக்க, ரீப்பரையும் சேர்த்து, இரண்டு கோட்டிங் வார்னிஷ். இதை விட்டால் அடுத்த மழையில் பழைய குழி திரும்ப வரும்.

செத்த கட்டை

நான்கு பக்கக் கட்டையையும் விரல் கணுவால் தட்டிக் கேட்டால் மூன்று 'டக்' என்கும், ஒன்று 'தப்' என்கும். மூலை இணைப்பு விட்டுப் போயிருக்கிறது. அடியின் வேகத்தை அந்த இடைவெளி தின்றுவிடுகிறது. பழைய பசையைச் சுரண்டாமல் புதுப் பசை ஊற்றினால் ஒட்டாது. தேய்ந்த ஹாக்ஸா பிளேடு துண்டால் சுரண்டி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் பசையை ஏற்றினால் ஆழம்வரை போகும்.

இறுக்கிப் பிடிக்க நான்கடி கிளாம்ப் எந்தப் பள்ளியிலும் இருக்காது. மீன்பாடி வண்டி ஓட்டும் வீட்டுப் பெண் ஒருத்தி, கயிற்றைப் போர்டைச் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டி, நடுவே ஒரு கட்டையைச் செருகி, முறுக்கத் தொடங்கினாள். நான்காவது முறுக்கில் கயிறு வீணைத் தந்தி மாதிரி ஒலித்தது. மூலையின் பிளவிலிருந்து வெள்ளைப் பசை மெல்லிய கோடாக வெளியே கசிந்தது. "லோடு கட்டறப்ப இப்படித்தான்" என்றாள், அவ்வளவுதான். மூலைகளில் அட்டை வைக்காவிட்டால் கயிறு மரத்தில் பதியும். முறுக்கிய கட்டையை இன்னொரு கயிற்றால் கட்டிவிட வேண்டும், விடுபட்டால் முகத்தில் அடிக்கும். முறுக்கிய பிறகு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளங்கள். 74 செ.மீ. சதுரத்துக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 104.6 வரும். இரண்டும் சமமாக இல்லையென்றால் பசை காய்வதற்குள் நீண்ட மூலைவிட்டத்தின் முனையைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். பிதாகரஸ் தேற்றத்தைக் கேட்காமலே கரும்பலகையில் போட்டுப் பார்த்தார்கள்.

பொறுப்பு மாற்றுவதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். விட்டால் பையன்கள் கருவியைப் பிடித்துக்கொள்வார்கள், பெண்கள் நோட்டு எழுதுவார்கள். கையெழுத்து அழகு என்று ஆசிரியரே ஒதுக்கிவிடுவதும் உண்டு. கருவி, அளவு, நோட்டு, பொருள் காப்பு, சுத்தம் என்று ஐந்து வேலை. ஒவ்வொரு வகுப்புக்கும் கட்டாயம் மாற வேண்டும். இந்த ஒன்றை மாணவர் விருப்பத்துக்கு விடக் கூடாது.

மேற்பரப்பும் கோடும்

பழைய மெருகை உப்புத்தாளால் எடுக்க வேண்டும். 180-ஆம் எண் தாளில் ஆரம்பித்து 220, 320. இழையோடு தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். மேல் ஏடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். நிறம் மாறத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த ஏடு தெரிய ஆரம்பித்துவிட்டது. தூசுக்கு முகக்கவசம் அவசியம்.

தின்னர் கலக்கும் லேக்கரைப் பள்ளியில் தவிர்த்துவிடுங்கள். புகை, தீ இரண்டும் ஆபத்து. தண்ணீரில் கரையும் பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷ் போதும். முதல் கோட்டிங்கில் இழை எழும்பிச் சொரசொரப்பாகும். பிள்ளைகள் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். காய்ந்ததும் 320-ஆல் லேசாகத் தடவினால் படிந்துவிடும். கோடுகளைப் போட்டுவிட்டு மேலும் இரண்டு கோட்டிங்.

கோட்டின் அளவு: கட்டையிலிருந்து 10.15 செ.மீ. தள்ளி, 47 செ.மீ. நீளத்துக்குப் பேஸ் கோடு, தடிமன் 5 முதல் 6.5 மி.மீ. அதற்கு 3.18 செ.மீ. மேலே மெல்லிய கோடு. இருமுனையிலும் 3.18 செ.மீ. விட்டமுள்ள வட்டம், நடுவிலும் அதே அளவு, அதைச் சுற்றி 17 செ.மீ. விட்டத்தில் பெரிய வட்டம். தடித்த கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் ஓரம் கசியும். டேப் ஓரத்தில் முதலில் வார்னிஷ் ஒரு இழுப்பு, காய்ந்ததும் கறுப்பு. கசிய வேண்டியது நிறமில்லாமல் கசிந்து ஓரத்தை அடைத்துவிடும், கோடு கத்தி மாதிரி நிற்கும். மார்க்கர் பேனாவைத் துண்டுப் பலகையில் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள், வார்னிஷ் பட்டதும் சில மார்க்கர் கரைந்து ஓடும்.

பவுடர்

போரிக் பவுடர், முகப் பவுடர், மைதா மூன்றையும் காகிதத்தில் மடித்து, எண் மட்டும் எழுதி, எது எதுவென்று ஊசல் அடிப்பவருக்குத் தெரியாமல் சோதிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே போர்டைத் துணியால் முழுக்கத் துடைக்க வேண்டும். மறந்தால் முன்பு போட்ட பவுடரும் சேர்ந்து முடிவைக் கெடுத்துவிடும். மூன்றில் எது அதிக தூரம் ஓடியது என்பதைவிட எவ்வளவு போடுவது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது. அதிகம் போட்டால் காய்க்கு முன்னால் குவிந்து தடுக்கிறது. சிட்டிகை கணக்கில் ஏற்றி ஏற்றிப் பார்த்து ஒரு வரைபடமே போட்டார்கள். போரிக் பவுடர் வாயில் போகக் கூடாது. போர்டு அருகே தின்பண்டம் வேண்டாம், மணி அடித்ததும் சோப்பு போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

கடைசிச் சோதனைக்கு விதிப்புத்தகம் கேட்பது, 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோடு அடித்தால் குறைந்தது மூன்றரை ஓட்டம் (ஒரு கட்டையிலிருந்து எதிர்க் கட்டைவரை போவது ஒரு ஓட்டம்). செத்துக் கிடந்த கட்டையில் இரண்டுக்கே திணறியது மூன்றரையைத் தாண்டியது. ஒன்பது இடத்துத் தாள் எண்ணிக்கையில் அதிகபட்சம் நான்கு.

போர்டை இனி சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். இரண்டு செங்கல் மேல் செங்குத்தாக, சுவருக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது கட்டங்களையும் காலியாக வரைந்து வைத்திருக்கிறார்கள், மேலே தலைப்பு: "முதல் மழைக்குப் பிறகு."